லண்டன் அம்மா

என் மகளுக்கு மூன்று வயது நிறைய இரண்டு மாதம் இருந்தபோது அவளைத் திருச்சியில் விட்டுவிட்டு நாங்கள் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினோம். திரும்பி வந்தபோது அவளுக்கு ஆறு வயது தாண்டியிருந்தது. அந்த வருஷங்களைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கப்பல் எப்படி இருந்தது, பனி எப்படி விழும், அங்கே அரிசி கிடைத்ததா என்றெல்லாம் கேட்பார்கள். நானும் சொல்வேன்.

என் கணவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்த மிஷனரிகள் என்ன செய்தார்கள், யாரோடு பழகினார்கள், நம் ஜனங்கள் அவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை எழுத வேண்டும் என்பதுதான் அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கோட்டைப் பக்கத்துக் கல்லறைகளுக்குப் போய்விடுவார். கல்லில் இருக்கும் எழுத்தைத் துணியால் துடைத்துத் துடைத்து நோட்டில் எழுதிக்கொண்டு, வெயிலில் கறுத்துப்போய், சாப்பாட்டு நேரம் தாண்டி வருவார். அவர்கள் எழுதிய கடிதங்கள், நாட்குறிப்புகள் எல்லாம் லண்டனில் இருந்தன. நம்ம ஊரைப் பற்றி எழுதியதைப் படிக்க நாம் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பல வருஷம் விண்ணப்பம் போட்டார். ஐம்பதுகள் முடியும் சமயத்தில், மூன்று வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் தருவதாகவும் குடும்பத்தையும் அழைத்து வரலாம் என்றும் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஏழு வயது. சின்னவளைப் பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பயணத்துக்கு முன்னால் நால்வரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்தோம். டாக்டர் பாப்பாவின் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சில் ஒரு இடத்தில் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தது. பிரைமரி காம்ப்ளெக்ஸ், குழந்தைகளுக்கு வரும் காசநோய் என்றார். பயப்பட வேண்டாம், ஊசியும் மாத்திரையும் ஆறு மாதம் விடாமல் கொடுத்தால் சரியாகிவிடும், ஆனால் இப்போது கப்பலில் ஏற்றச் சான்றிதழ் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் என் கணவரின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நடந்து போகும் தூரத்தில் இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில் தனியாக இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

போக முடியாது என்று எழுதிப் போட்டுவிடுகிறேன் என்றார் என் கணவர். பேச்சுக்குச் சொல்லவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். அண்ணிதான் தடுத்தார்.

"எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருந்தே தம்பி. பாப்பாவ எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. ஊசி எப்படியும் நான்தானே போடப் போறேன். ஆறு மாசம் போனதும் யாராவது கப்பல்ல வர்றவங்களோட அனுப்பி வச்சிடறேன்."

கணவர் என்னைப் பார்த்தார். நீ பிள்ளைகளோடு இங்கேயே இரு, நான் மட்டும் போய் வருகிறேன் என்றும் சொன்னார். அதையும் மனதாரத்தான் சொன்னார். யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அடுப்படிக்குப் போனேன்.

அந்த நேரத்தில் என் மனதில் இருந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கணவரைத் தனியாக அனுப்ப முடியாது, அவருக்குச் சமைக்கத் தெரியாது, பெரியவனுக்கு நல்ல படிப்புக் கிடைக்கும் என்றுதான் பிறகு எல்லோரிடமும் காரணம் சொன்னேன். உண்மையில் எனக்குப் போக ஆசையாக இருந்தது. கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள் நான். சூயஸ் கால்வாயைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆறு மாதம்தானே என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சரி என்றேன்.

ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தார். என் கணவரோடு அதே கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவரின் மனைவி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மாமி என்று கூப்பிடுவேன். ஆசாரமான வீடு. எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆனால் வந்தால் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இறக்க மாட்டார். அவரிடம் ஒரு காரியம் கேட்டேன். மாதம் ஒரு முறை புத்தூருக்குப் போய்ப் பாப்பாவைப் பார்த்து எனக்கு எழுத வேண்டும். அண்ணி நல்லதை மட்டும்தான் எழுதுவார். நீங்கள் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, ரங்கநாதன் சாட்சியா எழுதறேன் என்றார்.

புறப்படும் நாளன்று பாப்பாவை ஜங்ஷனுக்கு அழைத்து வர வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். அழுவாள், நீயும் அழுவாய், ரயிலில் ஏற மாட்டாய் என்றார். மத்தியானம் சோறூட்டிப் பாப்பாவைத் தூங்க வைத்தேன். அவள் என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தூங்குவது வழக்கம். ஒவ்வொரு விரலாக விடுவித்துவிட்டு எழுந்து வந்தேன். போயிட்டு வரேன் என்ற ஒரு வார்த்தைகூட அவளிடம் சொல்லவில்லை.

லண்டனில் ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறை கிடைத்தது. பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பகலெல்லாம் நான் தனியாக இருப்பதைப் பார்த்த கணவர், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், காகிதங்களைப் பிரதி எடுக்க என்னையும் கூடவே அழைத்துப் போனார். ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில்தான். நாடாவால் கட்டிய கட்டுகளை எடுத்துக் கொடுப்பார்கள். திருச்சிராப்பள்ளி என்ற பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருந்தார்கள். கோட்டை, மலை, காவிரியில் வெள்ளம், பேதி, பஞ்சம். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து ஊரைப் பற்றியே நாளெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பிரித்த கட்டுக்குள் ஒரு மிஷனரியின் மனைவி எழுதிய கடிதங்கள் இருந்தன. திருச்சியிலிருந்து இங்கிலாந்தில் இருந்த தன் தங்கைக்கு எழுதியவை. அந்த அம்மாளுக்கு ஐந்து வயதில் ஒரு மகன். இந்த வெயிலில் வைத்திருந்தால் பிழைக்க மாட்டான் என்று யாரோ ஒரு குடும்பத்தோடு கப்பலில் அனுப்பியிருக்கிறாள். முதல் கடிதங்களில் அவன் எப்போது தூங்குவான், எதற்குப் பயப்படுவான் என்று பக்கம் பக்கமாக இருந்தது. போகப் போகக் கடிதம் சுருங்கியது. ஒன்றில், அவன் காலைக் காகிதத்தின் மேல் வைத்து ஓரத்தில் கோடு வரைந்து அனுப்பு, எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அந்த வரியை எழுதும்போது என் பென்சில் முனை ஒடிந்துவிட்டது.

அன்றைக்கே அண்ணிக்கு எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பாப்பாவின் பாதம் ஒரு மெல்லிய தாளில் வந்தது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரியும்படி அண்ணி கவனமாக வரைந்திருந்தார். என் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், கைக்குள் அடங்கியது. அடுத்த வருஷம் இன்னொரு தாள் வந்தது. அது அடங்கவில்லை.

மிஷனரிகள் அனுப்பிவைத்த பிள்ளைகளைப் பற்றியும் ஆராய்ச்சியில் ஒரு அத்தியாயம் எழுதுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். பிரதி எடுத்த கடிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு அடுக்கி என்னிடமே கொடுத்தார்.

"இது சரித்திரம் இல்லம்மா. வீட்டு விஷயம். எங்க புரொஃபசர் ஒத்துக்க மாட்டார்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. நான் கடிதங்களை எடுத்து உள்ளே வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் நாங்கள் இருவரும் பெரியவனோடு மட்டும்தான் பேசினோம்.

ஆறு மாதம் முடிந்தபோது பாப்பாவுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சு இன்னும் சுத்தமாகவில்லை. இன்னும் மூன்று மாதம் ஊசி என்றார்கள். அதன் பின் சரியாகிவிட்டது. ஆனால் லண்டனில் குளிர் ஆரம்பித்திருந்தது, நெஞ்சு பலவீனமான குழந்தை வேண்டாம் என்று டாக்டரே சொன்னார். குளிர் போனபோது கூட்டி வர யாரும் கிடைக்கவில்லை. இப்படியே நாள் போயிற்று. ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருந்தது.

மாமியின் கடிதங்கள் மாதம் தவறாமல் வந்தன. பஸ் ஏறி ஆற்றைத் தாண்டிப் புத்தூருக்குப் போய், வாசற்படியில் உட்கார்ந்து பாப்பாவோடு பேசிவிட்டு வருவார். பாப்பா பல் துலக்கக் கற்றது, புதுக் கவுனைக் கிழித்தது, கீரை என்றால் ஓடுவது எல்லாம் அவர் எழுதித்தான் எனக்குத் தெரியும். இரண்டாவது வருஷம் பாதி போனபோது வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: குழந்தை பகவத் கிருபையில் சௌக்கியம். முன்பெல்லாம் நான் போனதும் அம்மா எப்போ வருவா என்று கேட்பாள். நாலு மாசமாகக் கேட்பதில்லை. மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

அந்தக் கடிதம் வந்த சில நாளில் அண்ணியிடமிருந்தும் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்த ஒரு வெள்ளைக்கார நர்ஸ் விடுப்பில் ஊருக்குப் போகிறார், பாப்பாவைக் கூட அழைத்து வரச் சம்மதித்திருக்கிறார், உடனே பதில் போடு என்று எழுதியிருந்தார். கணவர் கடிதத்தை என் பக்கம் தள்ளிவைத்தார். இன்னும் ஒன்றரை வருஷம்தானே இருக்கிறது, உன் இஷ்டம் என்றார்.

இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம்மைத் தேடாத குழந்தையை ஏன் பிடுங்கி எடுத்து, முகம் தெரியாத ஒருத்தியோடு இத்தனை நாள் கடலில் அலைக்கழிக்க வேண்டும், இங்கே வந்து பழகுவதற்குள் திரும்ப வேண்டியிருக்குமே என்று தோன்றியது. வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று நானே என் கையால் எழுதினேன். தெருமுனைத் தபால் பெட்டியில் நானே போட்டேன்.

ஆராய்ச்சி முடிந்தது. அவருக்குப் பட்டம் கிடைத்தது. நாங்கள் திரும்பி வந்த காலை, ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அண்ணி பாப்பாவோடு நின்றிருந்தார். வகிடு எடுத்து வாரி, வெள்ளைக் கவுன் போட்டு, முழங்கால் தெரிய உயரமாக ஒரு பெண் நின்றாள். நான் குனிந்து கையை நீட்டியதும் அண்ணியின் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"அத்த, இவங்கதான் லண்டன் அம்மாவா?"

எங்கள் போட்டோவைக் காட்டி அண்ணி அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை. வேறு எப்படிச் சொல்வது?

உறையூரில் வீடு பிடித்துப் பாப்பாவை அழைத்து வந்தோம். அவள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், கீரையையும் சாப்பிட்டாள். தண்ணீர் குடிக்கலாமா, ஜன்னலைத் திறக்கலாமா என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டாள். விருந்துக்கு வந்த நல்ல பிள்ளைபோல இருந்தாள். இரவில் என் பக்கத்தில் படுக்கச் சொன்னால் படுப்பாள். கைகளை நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடப்பாள்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் துணி உலர்த்திவிட்டு வந்து பார்த்தால் அவளைக் காணவில்லை. எங்கே போயிருப்பாள் என்று நான் யோசிக்கவே இல்லை. நேரே புத்தூருக்கு நடந்தேன். அண்ணியின் வீடு பூட்டியிருந்தது. பாப்பா படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்புப் போடாத கால், அந்த வெயிலில் நடந்து சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அத்தைக்கு நாலு மணிக்கு டியூட்டி முடிஞ்சிடும். பாத்துட்டு வந்துடறேங்க."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு மணிவரை இருவரும் காத்திருந்தோம். அண்ணி தெருமுனையில் திரும்பியதும் பாப்பா ஓடிப் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அண்ணியின் கைகள் தானாக உயர்ந்தன. பிறகு என்னைப் பார்த்தார். பார்த்ததும் கையைக் கீழே விட்டுவிட்டார். குழந்தையை அணைக்க என் அனுமதிக்காகக் காத்து நின்றார். ஊசி போட்டு, சோறூட்டி, ராத்திரி டியூட்டியே வேண்டாம் என்று பெரிய நர்ஸிடம் கெஞ்சி மூன்று வருஷம் வளர்த்தவர்.

மறுநாள் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். மாமி கூடத்தில் பாய் போட்டு உட்கார வைத்தார். நடந்ததைச் சொன்னேன். நீங்கள் எழுதியதைப் படித்துத்தான், குழந்தைக்கு ஏக்கம் இல்லை என்று நம்பி, வர வேண்டாம் என்று பதில் எழுதினேன் என்றேன். மாமியின் முகம் மாறிவிட்டது.

"நான் அதுக்கா எழுதினேன்? குழந்தை மறந்துண்டு வரான்னு தெரிஞ்சா நீ பதறிண்டு ஓடி வந்துடுவேன்னு நெனச்சேன். அடுத்த கப்பல்லயே வருவேன்னு இருந்தேன்."

மாமியும் அழுதார், நானும் அழுதேன். ஆனால் இருவரும் வேறு வேறு காரணத்துக்கு அழுதோம் என்று எனக்குத் தெரியும். அவர் தன் எழுத்துக்காக அழுதார்.

அந்த வாரமே பாப்பாவின் துணிகளைப் பெட்டியில் வைத்துப் புத்தூரில் கொண்டுபோய் விட்டேன். கணவர் தடுக்கவில்லை. கொஞ்ச நாள் போகட்டும், தானே வருவாள் என்று மட்டும் சொன்னார். அண்ணிதான் கலங்கிப்போனார்.

"நான் கேக்கலையே. உம் பிள்ளைய நான் எடுத்துக்கிட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது."

"யாரும் சொல்ல மாட்டாங்க அண்ணி. நான்தான் விட்டுட்டுப் போனேன்."

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் போவேன். பாப்பா படிப்பைப் பற்றிச் சொல்வாள். முதல் ராங்க் வாங்கினால் கார்டைக் காட்டுவாள். புறப்படும்போது பஸ் நிறுத்தம்வரை கூட வருவாள். என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். 'லண்டன்' எப்போது உதிர்ந்தது என்று நினைவில்லை. கொஞ்ச நாள் என்று கணவர் சொன்னது வருஷங்களாக ஆயிற்று. அவருடைய ஆராய்ச்சி கெட்டி அட்டை போட்டு எங்கள் அலமாரியில் இருந்தது. கல்லூரியில் எல்லோரும் அவரை டாக்டர் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைப் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

அறுபதுகளின் கடைசியில் ஒருநாள் காலை அண்ணி ஆள் அனுப்பினார். பாப்பா பெரியவளாகிவிட்டாள், அம்மா நீதான் வந்து முதல் வாய் ஊட்ட வேண்டும், அதுவரை அவளுக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சீட்டில் எழுதியிருந்தார். நான் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டு, தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன்.

பாப்பா உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி புதுப் பாவாடை தாவணி கட்டி விட்டிருந்தார். நான் உள்ளே போனதும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"வாங்கம்மா. உக்காருங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க?"

என் பெரியவன் என்னை ஒருநாளும் நீங்க என்று சொன்னதில்லை. அவனுக்கு நான் எப்போதும் நீதான். அம்மா, நீ சோறு போடு, நீ சும்மா இரு. அண்ணி எங்களைத் தனியே விட்டுவிட்டுப் போக நினைத்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிக் கதவுப் பக்கம் போனார். உடனே பாப்பா கை நீட்டி அவர் முந்தானையைப் பிடித்தாள்.

"அத்த, நீ எங்க போற? நீ இங்கயே இரு."

அண்ணி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் களியைக் கிண்ணத்தில் போட்டு ஒரு உருண்டை எடுத்து ஊட்டினேன். பாப்பா வாங்கி மென்று விழுங்கினாள். நல்லா இருக்கு என்றாள். அடுத்த உருண்டைக்கும் மரியாதையாக வாயைத் திறந்தாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லைங்க என்றாள்.

நான் எழுந்து கிண்ணத்தை அண்ணியின் கையில் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் கையை எடுக்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். பாப்பா அவர் தோளில் சாய்ந்து, வலிக்குது அத்த என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். நான் அடுப்படிக்குப் போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை வைத்துவிட்டு, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டார். சாப்பிட்டாள் என்றேன். நீ ஊட்டினாயா என்றார். ஊட்டினேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்த தூக்கை வாங்கி, குழாயடிக்கு எடுத்துப் போய்க் கழுவினார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் ஒரு பாத்திரம் கழுவி நான் பார்த்தது அன்றுதான்.